தரங்கம்பாடியைக் கோட்டையோடு முடித்துவிடாதீர்கள்: பள்ளிச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் எங்கள் ஊருக்குப் பள்ளிப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். சீருடை அணிந்த பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நேரே கோட்டைக்குள் போவார்கள். அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேல்தளத்தில் நின்று குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு, கடலில் சற்று நேரம் கால் நனைத்துவிட்டு, பூம்புகாருக்கோ வேளாங்கண்ணிக்கோ புறப்பட்டுவிடுவார்கள். ஒரே நாளில் நான்கைந்து இடங்களைக் காட்டி, இருட்டுவதற்குள் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டிய உங்கள் பொறுப்பின் கனம் எனக்குத் தெரியும். ஆனாலும், இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, இதன் வரலாற்றை விரும்பிப் படித்து வருபவன் என்ற முறையில், உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். தரங்கம்பாடி என்பது கோட்டை மட்டும் அன்று. மதிலும் வாயிலும் வீதிகளும் வழிபாட்டிடங்களும் கொண்ட ஒரு முழு நகரம். கோட்டை அதன் ஒரு மூலை. அந்த மூலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளையின் மனத்தில், "டேனிஷ்காரர்கள் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், போனார்கள்" என்ற ஒற்றை வரிதான் தங்கும். அந்த வரியில் தமிழர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே, பேருந்தை நகர வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை நடத்தி அழைத்து வாருங்கள். நகருக்குள் நுழைவதற்கு அந்தக் காலத்தில் இருந்த வழி அதுதான். மேற்கே வாயில், கிழக்கே கடல், இடையில் ராஜ வீதி. வாயிலிலிருந்து கடல் வரை நடக்க ஒரு வகுப்பு வேளைகூட ஆகாது. நின்று நின்று பார்த்து நடந்தால் அரைநாள் வேண்டும். அந்த அரைநாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இப்போது நாம் காணும் வாயில் 1792-இல் கட்டப்பட்டது. அதன் முகப்பில் டென்மார்க் அரச முத்திரையைக் காணலாம். பெரும்பாலோர் அந்த முத்திரையைப் படம் எடுப்பதோடு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே சொல்ல வேண்டிய கதை முத்திரையைப் பற்றியது அன்று, மதிலைப் பற்றியது. 1616-இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல்களை இழந்து, கடனில் மூழ்கி, 1650-இல் கலைக்கப்பட்டது. தாய்நாட்டிலிருந்து கப்பலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. இங்கிருந்த டேனிஷ்காரர்கள் நோயிலும் முதுமையிலும் ஒவ்வொருவராக இறந்து, 1655 வாக்கில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர்தான் மிஞ்சினார். எழுதப் படிக்கத் தெரியாத, எளிய குடியில் பிறந்த மனிதர் அவர். உள்ளூர் மக்களையும் போர்த்துகீசிய வழிவந்தவர்களையும் துணையாகக் கொண்டு, தஞ்சையிலிருந்து வந்த முற்றுகைகளைச் சமாளித்து, 1669-இல் தாய்நாட்டுக் கப்பல் ஒன்று வந்து சேரும்வரை அவர் இந்த இடத்தைக் கைவிடாமல் வைத்திருந்தார். ஊரைச் சுற்றி மதில் எழுந்தது அந்தக் கைவிடப்பட்ட ஆண்டுகளில்தான்.

பிள்ளைகளிடம் இங்கே ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஒரே ஒரு டேனிஷ்காரர் இருந்த ஊரில் அந்த மதிலைக் கட்டியவர்கள் யார்? செங்கல் சுட்டவர், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர், கலவை குழைத்தவர், சுவரில் ஏறி வேலை செய்தவர் எல்லாரும் இந்தக் கரையின் மக்கள். அவர்களுடைய பெயர்கள் ஆவணங்களில் கிடைப்பதில்லை. அவர்களுடைய வேலை கிடைக்கிறது. மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. ஆங்காங்கே எஞ்சியிருப்பதைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். 1733-இல் டிரெல்லுண்ட் என்பவர் வரைந்த நகர வரைபடம் இன்றும் கிடைக்கிறது. அதன் படியொன்றை அச்சிட்டுக் கொண்டுவந்து, கையில் பிடித்தபடி நடந்தால், அன்றைய வீதிகளில் எவை இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடத்தைக் கொண்டு நடமாடக்கூடிய ஊர்கள் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு "பழைய சர்ச்சுகள்" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள், ஏனெனில் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுதான் பாடம். 1701-இல் அமைந்த சீயோன் தேவாலயம் டேனிஷ்காரர்கள் வழிபடுவதற்காகக் கட்டப்பட்டது. 1718-இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயம் தமிழ்ச் சபையாருக்காகக் கட்டப்பட்டது. ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே வீதியில், இரண்டு கூரைகளின் கீழ் வழிபட்டார்கள். ஆளவந்தவர்களும் ஆளப்பட்டவர்களும் இந்த நகரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புதிய எருசலேம் தேவாலயத்தின் உள்ளே, பலிபீடத்துக்கு முன்னால், டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மதகுருவான பார்த்தலோமேயு சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று புளூட்சோ என்ற தோழரோடு கரையிறங்கிய அவர், 1719-இல் 36 வயதில் இறந்தார். உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: அவர் தமிழ் கற்றது உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரிடம். முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய மாணவர்களோடு தாமும் அமர்ந்து, பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதுவதைப் பார்த்துத் தாமும் எழுதிப் பழகினார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தாம் படித்த தமிழ் நூல்களுக்கு 1708-லேயே குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலாளர்கள் அச்சிட விரும்பவில்லை. அது 1867-இல்தான் வெளிவந்தது. மதம் பரப்ப வந்தவர் என்பது உண்மை. நம் மக்களிடம் கற்றுக்கொண்டவர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அவர் ஒரு மனிதராகத் தெரிவார்.

அச்சுக்கூடத்தைப் பற்றி ஒரு திருத்தத்தையும் உங்கள் முன் வைக்க வேண்டும். "தமிழில் முதன்முதலாக அச்சடித்தது தரங்கம்பாடியில்தான்" என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பெருமை சேர்க்கும் கூற்றுதான். ஆனால் அது சரியன்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578-இலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. தரங்கம்பாடியின் சிறப்பு வேறு. அந்த முந்தைய முயற்சிகள் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆன பின்பு, தமிழ் அச்சுத்தொழில் இங்கே மீண்டும் வேர்பிடித்தது; அதன் பிறகு அறுபடவில்லை.

அது வேர்பிடித்த விதத்தைப் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட அச்சு இயந்திரம் வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரத்தை மீட்டுக் கொண்டுவந்தபோது, உடன் வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துவிட்டார். இயந்திரம் 1712-இல் ஊர் வந்து சேர்ந்தது. இயக்கத் தெரிந்தவர் இல்லை. டேனிஷ்காரர்களின் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அந்தத் தொழில் தெரிந்திருந்ததால் வேலை தொடங்கியது. மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்சு எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1714-15-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. காகிதத்துக்குக் கப்பலை எதிர்பார்த்திருப்பது கட்டுப்படியாகாததால் அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் தொடங்கப்பட்டது. எழுத்துக்கு ஈயம், தாளுக்குக் கூழ், மைக்குக் கரி என்று ஒவ்வொன்றுக்காகவும் இந்த ஊர் பட்ட பாட்டைச் சொன்னால், கையிலுள்ள பாடநூலைப் பிள்ளைகள் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள்.

ராஜ வீதியில் வேறு பழைய மாளிகைகளும் உள்ளன. அவற்றை நடந்தபடியே பார்க்கலாம். ஆனால் பொற்கொல்லர் தெருவுக்குள் ஒரு முறை திரும்புங்கள். ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையும் கொண்ட சிறு தமிழ் வீடுகள் பழைய முறையிலேயே சீரமைக்கப்பட்டன. ஆளுநர் மாளிகையை மட்டும் மரபு என்று எண்ணும் பழக்கத்தை அந்தத் தெரு மாற்றும். உள்ளூர்க் கைவினைஞரின் வீடும் அதே அளவு கவனத்தோடு காக்கப்பட வேண்டியதுதான் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். திண்ணையைக் காட்டினால் போதும். இசுலாமியர்களின் பழைய பள்ளிவாசலும் மதிலுக்குட்பட்ட இதே நகரில்தான் இருக்கிறது. கடல் வணிகம் செய்த மரைக்காயர்கள் இல்லாமல் இந்தக் கரையில் எந்தத் துறைமுகமும் இயங்கியதில்லை என்பதையும் அங்கே நின்று சொல்லலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் திடலும் கோட்டையும். திடலுக்கு எதிரே ஆளுநர் மாளிகை இருக்கிறது. ஆளுநர்கள் முதலில் கோட்டைக்குள்தான் வசித்தார்கள், பிற்காலத்தில்தான் வெளியே குடிவந்தார்கள். டான்ஸ்போர்க் என்று அவர்கள் பெயரிட்ட கோட்டை 1620-இல் எழத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும், மேல்தளத்தில் அதிகாரிகளின் அறைகளும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் கைமாறிய பின் கோட்டை நெடுங்காலம் பயணியர் விடுதியாக இருந்து, பிறகே மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்து அருங்காட்சியகமானது.

கோட்டை வாசலில் பிள்ளைகளை நிறுத்திச் சொல்ல வேண்டிய முதல் செய்தி, இது போரில் வென்ற இடத்தில் கட்டிய கோட்டை அன்று என்பதே. இலங்கையில் கால் பதிக்க வந்த டேனிஷ் கப்பல்களின் முயற்சி அங்கே பலிக்கவில்லை. அவர்களுக்கு முன்னோடியாக வந்த ரோலண்ட் கிராப் என்பவரின் கப்பலைப் போர்த்துகீசியர்கள் 1619-இல் காரைக்காலுக்கு அருகே அழித்துவிட்டார்கள். உயிர் தப்பிய சிலரோடு அவர் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் அரசவையை அடைந்தார். போர்த்துகீசியருக்கு எதிராக வணிகத்தில் மற்றொரு நாடும் இருப்பது தஞ்சைக்கு நன்மை என்று மன்னர் கருதினார். அதன் விளைவாக 1620 நவம்பரில் கடற்படைத் தளபதி ஓவ் கெட்டேவுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் செய்யவும் இடம் கிடைத்தது. அதற்காக ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் செலுத்த வேண்டும். இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அரசர் ஒருவருக்குத் தமிழில் கடிதம் எழுதுவதே இயல்பு என்று கருதிய ஓர் அரசவையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கோட்டைக்குள் நுழைவதற்கு முன் இதைக் கேட்டிருந்தால், அவர்கள் உள்ளே பார்க்கும் ஒவ்வொரு பீரங்கியும் ஒரு குத்தகைதாரரின் பீரங்கியாகத் தெரியும்.

உள்ளே சிறை அறைகளின் முன் சற்று நில்லுங்கள். சீகன்பால்குவே 1708 நவம்பரிலிருந்து நான்கு மாதங்கள் இந்தக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். இறந்துபோன தமிழர் ஒருவர் பட்டதாகச் சொல்லப்பட்ட கடனுக்காக நாவிதக் குடியைச் சேர்ந்த அவருடைய மனைவி துன்புறுத்தப்பட்டபோது, அந்த விதவையின் பக்கம் அவர் பேசியதுதான் ஆளுநர் ஹாசியசோடு ஏற்பட்ட மோதலின் உடனடிக் காரணம். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாமல் போனாலும், ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கு ஆளுநரையும் அரசர் அனுப்பிய குருவையும் எதிரெதிரே நிறுத்தியது என்பது தெரிகிறது.

கிடங்குகளைக் காட்டும்போது மிளகையும் பருத்தித் துணியையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் சோழமண்டலக் கரையில் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். டச்சுக்காரர்களைப் போலவே டேனிஷ்காரர்களும் அந்த வணிகத்தில் ஈடுபட்டார்கள். பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட குடும்பங்கள் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டன. நகரில் இருந்த ஐரோப்பிய வீடுகளிலும் அடிமைகள் வேலை செய்தார்கள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம் என்பது என் கருத்து. தரங்கம்பாடியைப் பற்றிப் பேசும்போது, ஆங்கிலேயரைப் போல் டேனிஷ்காரர்கள் கொடுமை செய்யவில்லை என்று இதமாகச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சிறிய அரசு, சிறிய படை என்பதால் அவர்கள் பெரும் நிலப்பரப்பை வெல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

கோட்டைச் சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்றைப் பார்த்து, அறிவியல் ஆசிரியரும் உடன் வந்திருந்தால் அவரைப் பேச விடுங்கள். காரைக்கு அடியில் மெல்லிய செங்கற்கள் தெரியும். தொட்டால் சில இடங்களில் மாவாக உதிரும். வெள்ளைப் பூப்போல உப்பு படிந்திருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் புகுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதனால் உப்பு மேற்பரப்பிலேயே பூக்கும், காரை மட்டும் தேயும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகப் பூசிக்கொள்ளலாம். அதன் மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகிச் செங்கலை உடைக்கும். பழைய கட்டடங்களைச் சிமெண்டால் "பலப்படுத்த" வேண்டாம் என்று அறிந்தோர் மன்றாடுவது இதனால்தான். இதைக் கண்ணால் கண்ட பிள்ளை, அந்தச் சுவரில் காம்பசின் முனையால் தன் பெயரைக் கீறாது. கீறினால் உப்புக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறோம் என்பது அதற்குப் புரியும். பெயர் கீறும் பிள்ளைகளை அதட்டும் வேலையிலிருந்து உங்களுக்கும் விடுதலை கிடைக்கும்.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் இது. கோட்டைக்கு மூன்று நூற்றாண்டுகள் மூத்தது. கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. டேனிஷ்காரர்கள் வந்திறங்கியது ஆளில்லாக் கடற்கரையில் அன்று. பாண்டியர் காலத்திலேயே கோயிலும் வணிகரும் இருந்த பட்டினத்தில். பள்ளிப் பாடத்தில் 1620-இல் தொடங்கும் எங்கள் ஊரின் கதையை 1300-க்குப் பின்னோக்கித் தள்ளும் வலிமை இந்தக் கோயிலுக்கு இருக்கிறது.

கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பழைய படங்களில் மண்டபமும் மதிலும் இருந்த இடத்தில் இன்று அலையும், அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் இருக்கின்றன. கடல் ஒரே நாளில் வந்து எடுத்ததன்று. ஆண்டுக்கு ஆண்டு கரை தேய்ந்து, அடிமணல் அரித்து, கல் கல்லாகச் சரிந்தது. கடலோர அரிப்பு என்ற பாடத்தைப் புவியியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும், இந்தப் பாறைகளின் மேல் நின்று "கோயில் எதுவரை இருந்தது?" என்று ஒரு முறை கேட்பதற்கு ஈடாகாது. 1733 வரைபடம் கையில் இருந்தால், கரை அன்று எங்கே இருந்தது என்பதையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அலைகளின் அருகே பிள்ளைகளைப் பாறைமேல் ஏற விடாதீர்கள், பாசி வழுக்கும்.

இந்தக் கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கோட்டை பெரிய சேதமின்றித் தப்பியது. மீனவர் குடியிருப்பு தப்பவில்லை. கோட்டை தப்பிய செய்தியை வியப்போடு சொல்லும் பலர் அடுத்த வரியைச் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். மீனவ மக்கள் இந்த நகரின் மிகப் பழைய குடிகள். படகுகளின் அருகே பிள்ளைகள் செல்வதாக இருந்தால் அங்குள்ளவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுச் செல்லட்டும். வலை கட்டும் பெரியவர் ஒருவரிடம் காற்றின் பெயர்களைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் கொண்டலும் கச்சானும் டேனிஷ் மாலுமிகளின் கப்பல்களையும் இந்தக் கரைக்கு அழைத்து வந்து அலைக்கழித்த காற்றுகள்தாம்.

நகரம் எப்படித் தளர்ந்தது என்பதையும் திரும்பும் வழியில் சொல்லிவிடலாம். நெப்போலியன் போர்களின்போது 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்த பிறகு வணிகம் பழைய நிலைக்கு மீளவில்லை. 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. ஊரில் வாழ்ந்த மக்களைக் கேட்டு நடந்த விற்பனை அன்று. சில ஆண்டுகள் மாவட்டத் தலைமையிடமாக இருந்த பெருமையும், ரயில்பாதை நாகப்பட்டினத்தை அடைந்த காலத்தில் போய்விட்டது. தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை ஒரு காலத்தில் இங்கே முன்சீபாகப் பணிபுரிந்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் விரும்பிக் கேட்பார்கள். எங்களுக்கும் 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து ஒரு ரயில்பாதை வந்தது. 1986-இல் அது நிறுத்தப்பட்டது. உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்: லின்னேயசின் மாணவரான கோனிக் 1768-இல் இங்கே மருத்துவராக வந்து, இந்தக் கரையின் தாவரங்களைச் சேகரித்து வகைப்படுத்தினார். ஒரு வகைச் சிவப்புப் புறாவின் அறிவியல் பெயரில் இன்றும் "டிராங்கபாரிகா" என்று எங்கள் ஊர் இருக்கிறது.

நடைமுறைச் செய்திகள் சில. காலை எட்டு மணிக்குள் நகர வாயிலுக்கு வந்துவிட்டால் வெயில் ஏறுமுன் வீதிகளை முடித்துவிடலாம். ராஜ வீதியில் நிழல் குறைவு. பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, தேதியை முடிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தேவாலயங்களுக்குள் செல்ல விரும்பினால், குழுவாக வருவதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்; திறந்து காட்டுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம் என்பதால் அந்த வேளையைத் தவிர்ப்பது நல்லது. கோயிலுக்கும் உச்சிவேளைக்கு முன் போய்விட வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு வாயிலிலிருந்தும் மற்றொன்று கோயிலிலிருந்தும் நடக்கத் தொடங்கி, திடலில் சந்திக்கலாம். கடற்கரையில் பழைய நாணயம் என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். டேனிஷ் காசுகளை அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம்.

பள்ளிக்குத் திரும்பியதும் பயணக் கட்டுரை எழுதச் சொல்வீர்கள். கட்டுரையோடு ஒரு வரைபடத்தையும் கேளுங்கள்: வாயில், வீதிகள், தேவாலயங்கள், பள்ளிவாசல், கோட்டை, கோயில், மீனவர் குடியிருப்பு, கடல் இவற்றைப் பிள்ளையே நினைவிலிருந்து வரையட்டும். மதில் எஞ்சியிருப்பதாகத் தாம் கண்ட இடங்களை அதில் குறிக்கட்டும். அந்த வரைபடங்களில் நல்லவை சிலவற்றின் படிகளை எங்கள் ஊர் நூலகத்துக்கு அனுப்பி வைத்தால், அடுத்த ஆண்டு வரும் பள்ளிகளுக்கு அவற்றை எடுத்துக் கொடுக்க நான் முன்னின்று ஏற்பாடு செய்கிறேன். பேருந்து வரும் தேதியை மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள். வாயிலருகே உங்களுக்காகக் காத்திருந்து உடன் நடந்து வர, ஊர்க்கதை அறிந்த பெரியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

மிக்க அன்புடன்,
தரங்கம்பாடியில் வசிக்கும் ஒருவன்